நக அழகு இருக்கட்டும்... அந்த நெடியை என்ன செய்வது?

பார்லர் வைத்திருப்பவர்களும், பார்லருக்குப் போகிறவர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற ஏறக் காற்று குளிர்ந்துகொண்டே வரும். சுமார் 1000 மீட்டரிலிருந்து 1300 மீட்டர் வரை உயரம். மிளகுக்கொடி, காப்பித் தோட்டம், பலா, ஆகாய கங்கை அருவி... மூச்சை இழுத்து விட்டாலே பாதி நோய் போன மாதிரி இருக்கும்! 'இங்கேகூடக் காற்று கெட்டுப் போகுமா?' என்று யாராவது கேட்டால் சிரிப்போம்.

கெட்டுப் போகும். வெளியே வீசுகிற காற்று வேறு, நாலு சுவருக்குள் நாம் அடைத்து வைத்துக்கொள்கிற காற்று வேறு. மார்கழிப் பனிக்குப் பயந்து கதவு, சன்னலை இறுக்கச் சாத்திவிட்டு உள்ளே விறகடுப்பு மூட்டினால் என்ன ஆகும்? கண் எரியும், இருமல் வரும். மலையாக இருந்தாலும் சரி, மதுரையாக இருந்தாலும் சரி, இதுதான் கதை.

விறகுப் புகையாவது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்கே தெரியாமல், மூக்குக்கு மட்டும் தெரிகிற இன்னொன்று இப்போது சின்ன ஊர் பியூட்டி பார்லர்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்த மேக்கப், ஹேர் ஸ்டைல் என்று பேசும்போதே, 'நெயில் எக்ஸ்டென்ஷனும் பண்ணிடலாமா?' என்று கேட்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு மூலையில் புருவம் திருத்துகிறார்கள். இன்னொரு மூலையில் ஒரு தங்கை சேலைக்கு மடிப்பு வைத்து அயர்ன் பண்ணுகிறாள். நடுவில் ஒரு சின்ன மேஜையில் அக்ரிலிக் நகம். பாட்டிலைத் திறந்த மறு நிமிஷம், பெயின்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு நெடி அறை முழுக்கப் பரவுகிறது.

"அக்கா, தலை வலிக்குது. கொஞ்சம் கதவைத் திறக்கறீங்களா?"

"பனி உள்ளே வருதும்மா. பத்து நிமிஷம் பொறுத்துக்கோ, பழகிடும்."

பழகிடும் என்பது உண்மைதான். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது!

நெடி எங்கிருந்து வருகிறது?

அக்ரிலிக் நகத்துக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று பவுடர், இன்னொன்று திரவம். பிரஷ்ஷைத் திரவத்தில் நனைத்து, பவுடரில் தொட்டு எடுத்தால் ஒரு சின்ன உருண்டை வரும். அதை நகத்தின்மேல் வைத்துப் பரப்பினால் சில நிமிஷங்களில் கெட்டியாகிவிடும். பல்செட் செய்வதும் ஏறக்குறைய இந்த வித்தையில்தான். 1954-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், உடைந்துபோன தன் நகத்தைப் பல் அக்ரிலிக்கை வைத்துச் சரி செய்தார். அங்கிருந்து ஆரம்பித்ததுதான் இந்த வியாபாரம்.

பவுடருக்குப் பெரிய வாசனை கிடையாது. நெடியெல்லாம் திரவத்திலிருந்துதான். 'மோனோமர்' என்று சொல்வார்கள். தரமான பொருள்களில் பெரும்பாலும் இருப்பது எதில் மெத்தாக்ரிலேட் என்ற ரசாயனம். சுருக்கமாக ஈ.எம்.ஏ. விலை மலிவுக்காகச் சிலர் கலப்பது மெத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது எம்.எம்.ஏ. பெயர் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் குணத்தில் வித்தியாசம் உண்டு. எம்.எம்.ஏ. வைத்த நகம் கல் மாதிரி இறுகிவிடும். எங்கேயாவது இடித்துக்கொண்டால் ஒட்டிய நகம் உடையாது, கூடவே சொந்த நகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். 1970-களிலேயே இப்படிப் பல புகார்கள் வந்து, அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நீதிமன்றம் வரை போய் நடவடிக்கை எடுத்தது.

இது போக, நகத்தைக் கரைத்து எடுக்கும் அசிட்டோன், நெயில் பாலிஷ், ரிமூவர், ஃபைல் பண்ணும்போது பறக்கும் தூசு எல்லாம் சேர்ந்துதான் அந்தக் 'கலவை நெடி'.

மூக்கை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் முழுசாக நம்பக்கூடாது.

மெத்தாக்ரிலேட் ரகங்களின் வாசனை மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். அதனால் ஒரு தடவை லேசாக நெடி அடித்தது என்பதற்காக 'ஐயோ, விஷம்!' என்று அலற வேண்டியதில்லை. அதே சமயம், அதே நெடிக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் மூக்கு பழகிப்போய், 'இப்ப வாசனையே இல்லியே' என்று சொல்ல வைத்துவிடும். காற்றில் அது அப்படியேதான் இருக்கும். நமக்குத்தான் தெரியாது. அதனால் அறை எப்படி இருக்கிறது என்று அங்கேயே வேலை செய்கிறவரைக் கேட்காதீர்கள். வெளியிலிருந்து அப்போதுதான் உள்ளே வருகிறவரைக் கேளுங்கள்.

கஸ்டமர் மாதத்துக்கு ஒருதடவை வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். வேலை செய்கிற பெண்? தினமும் எட்டு, பத்து மணி நேரம், முகத்தைக் கிண்ணத்துக்கு ஓரடி தூரத்தில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். பக்கத்து மூலையில் அயர்ன் பண்ணுகிற பெண் நகத்தைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அவளுக்கும் பங்கு போகிறது.

கண் எரிச்சல், நீர் வடிதல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, தலைசுற்றல், குமட்டல் எல்லாம் முதல் கட்டம். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இழுப்பு அதிகமாகலாம். இல்லாதவர்களுக்கேகூட, வேலையால் வரும் ஆஸ்துமா தலைகாட்டலாம். ஒரு சுலபமான அடையாளம் சொல்கிறேன். வேலை நாட்களில் வந்து, லீவு நாளில் குறைந்து, மறுபடி கடை திறந்ததும் வருகிற இருமலோ தலைவலியோ இருந்தால், காரணம் கடைக்குள் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டரிடம் போகும்போது 'பார்லரில் அக்ரிலிக் வேலை செய்கிறேன்' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பாட்டில் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

ஆதார விதி: புகைபோக்கி அடுப்புக்கு மேலேதான்!

பழைய வீடுகளில் புகைபோக்கியை எங்கே வைத்தார்கள்? கூடத்திலா? அடுப்புக்கு நேர் மேலே. புகை வீடு முழுக்கப் பரவின பிறகு அதைத் துரத்திப் பிடிக்க முடியாது, கிளம்புகிற இடத்திலேயே பிடித்து வெளியே அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நக மேஜைக்கும் இதே விதிதான். ஒரே ஒரு வித்தியாசம். அடுப்புப் புகை சூடாக இருப்பதால் மேலே போகும். மோனோமர் ஆவி காற்றைவிடக் கனமானது, மேஜை மட்டத்திலேயே தவழும். கூரைக்குப் பக்கத்தில் மாட்டின எக்ஸாஸ்ட் ஃபேன் அதை இழுத்துக்கொள்வதற்குள், வழியில் நம் மூக்கு குறுக்கே வந்துவிடுகிறது!

'எங்க கடையில எக்ஸாஸ்ட் இருக்கே, இருந்தும் நெடி போகலையே?' என்று கேட்கிறவர்கள் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, ஓரடி தள்ளி நின்று ஊதுங்கள். அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து காற்றை உள்ளே இழுங்கள். சுடர் அசையக்கூட அசையாது. ஊதும் காற்று தூரம் போகும், உறிஞ்சும் காற்று கிட்டத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் ஃபேன் எத்தனை பெரிது என்பதைவிட, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். (சோதனையைப் பார்லரில் செய்யாதீர்கள். மோனோமரும் அசிட்டோனும் தீப்பற்றக் கூடியவை.)

அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் 'நையாஷ்' நிறுவனம் 1999-ல் நகம் ஒட்டும் வேலைக்கென்றே ஒரு அறிவுரை வெளியிட்டது. மேஜையிலேயே துளைகள் போட்டு, காற்றைக் கீழ்ப்பக்கமாக உறிஞ்சி, குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுகிற மேஜையைச் சிபாரிசு செய்தது. 2016-ல் நியூயார்க் மாநிலம் இதை விதியாகவே கொண்டுவந்தது. ஒவ்வொரு நக மேஜைக்கும் நிமிஷத்துக்கு 50 கன அடி காற்றை வெளியேற்ற வேண்டும். உறிஞ்சும் வாய், வேலை நடக்கும் இடத்திலிருந்து 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

நம்ம ஊர் அறைக்கு எப்படிச் செய்வது?

1. மேஜையை இடம் மாற்றுங்கள். பைசா செலவில்லாத முதல் வேலை இதுதான். நக மேஜை அறையின் நடுவில் இருக்கக்கூடாது. வெளிச்சுவரை ஒட்டி, சன்னல் ஓரமாகப் போடுங்கள்.

2. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கீழே இறக்குங்கள். சன்னலின் கீழ்க்கட்டத்தில், மேஜை மட்டத்துக்குச் சற்று மேலே வருகிற மாதிரி பொருத்துங்கள். முடிந்தால் வளையும் குழாய் ஒன்றை இணைத்து, அதன் வாயைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் நீளக் குழாயில் திணறும். குழாயோடு வேலை செய்யவே செய்யப்பட்ட ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

3. கணக்குப் போட்டு வாங்குங்கள். 10 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் அறை 1080 கன அடி. ஏறக்குறைய 31 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் 'மணிக்கு இத்தனை கன மீட்டர்' என்று போட்டிருப்பார்கள். 300 என்று இருந்தால் கணக்குப்படி அறைக்காற்று மணிக்குப் பத்து தடவை மாறும். நடைமுறையில் அதற்குக் குறைவாகத்தான் வரும். அதனால் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள்.

4. உள்ளே வரவும் வழி விடுங்கள். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் போட்டால், அது இருக்கும் காற்றையே வைத்துக்கொண்டு வெறுமனே சுற்றும். ஃபேனுக்கு எதிர்ப்பக்கம், வேலை செய்கிற பெண்ணின் முதுகுப் பக்கமாக, ஒரு சாண் அகலம் திறந்திருந்தாலும் போதும். நல்ல காற்று முதலில் அவள் முகத்துக்கு, பிறகு மேஜைக்கு, பிறகு வெளியே. இந்த வரிசை தலைகீழானால் அத்தனை நெடியும் அவள் மூச்சில்தான் போகும்.

5. சீலிங் ஃபேனை நம்பாதீர்கள். அது நெடியைக் குறைக்காது, எல்லோருக்கும் சமமாகப் பரிமாறும்! பாட்டில் திறந்திருக்கும்போது நிறுத்தியே வையுங்கள். ஸ்பிலிட் ஏ.சி.யும் அப்படித்தான். உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருமே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவராது.

6. பக்கத்துக் கடைக்குத் தள்ளாதீர்கள். குழாயின் வெளிவாய் பக்கத்து வீட்டு சன்னலைப் பார்த்தோ, டீக்கடை அடுப்பைப் பார்த்தோ இருக்கக்கூடாது.

நெடியே கிளம்பாமல் செய்ய முடியாதா?

பாதி செய்யலாம். மோனோமரை அகலக் கிண்ணத்தில் நிறைய ஊற்றி வைப்பதுதான் பெரிய தப்பு. பாயசத்தை அகலத் தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறது இல்லையா? திரவமும் அப்படித்தான் ஆவியாகும். குறுகிய வாய் உள்ள சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில், ஒரு கைக்குத் தேவையான அளவு மட்டும் விட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷை வெளியே எடுத்ததும் மூடி போடுங்கள்.

பிரஷ் துடைத்த டிஷ்யூவை மேஜையில் போட்டு வைத்தால், அது ஒரு குட்டி நெடி ஃபாக்டரி. மூடியுள்ள தகரக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை. கடை மூடும்போது பையின் வாயைக் கட்டி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மிச்சத் திரவத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள், வாஷ்பேசினிலும் கொட்டாதீர்கள். டிஷ்யூவில் ஒற்றி அதே தொட்டியில் போடுங்கள். ஃபைல் பண்ணின தூசை விளக்குமாறால் பெருக்கினால் மறுபடி மூக்குக்குத்தான் வரும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மலையூர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை

கொல்லிமலை, ஏற்காடு, ஊட்டி மாதிரி ஊர்களில் குளிர் காரணமாக அக்ரிலிக் இறுகுவது தாமதமாகும். 'சீக்கிரம் காயட்டுமே' என்று மேஜைக்குக் கீழே கரி அடுப்பையோ ஹீட்டரையோ வைக்கிற யோசனை வரும். கூடவே கூடாது! மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் ஆவி 10 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும். எதில் மெத்தாக்ரிலேட்டுக்கு அது 20 டிகிரியை ஒட்டி வரும். அசிட்டோனுக்கோ உறைநிலைக்கும் கீழேயே போதும். அதற்கு மேல், அடைத்த அறையில் கரி அடுப்பு கார்பன் மோனாக்ஸைடு விஷவாயுவையும் தரும். இந்த வாயுவுக்கு நெடியே கிடையாது. எச்சரிக்கை தராமலே உயிரைக் கொண்டுபோய்விடும்.

குளிருகிறதா? ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். கஸ்டமரின் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பனி கொட்டுகிற அதிகாலை, ராத்திரி அப்பாயின்ட்மென்ட்டைத் தவிர்த்து, வெயில் ஏறின பிறகு சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். கரண்ட் போனால் எக்ஸாஸ்ட் நிற்கும். அப்போது அக்ரிலிக் வேலையும் நிற்க வேண்டும்.

கேள்வியும் பதிலும்

ஊதுபத்தி, சாம்பிராணி போட்டால் போகாதா?

போகாது. நெடியோடு புகையும் சேரும். தீப்பற்றும் திரவத்துக்குப் பக்கத்தில் கங்கு வைப்பது அதைவிட ஆபத்து. ரூம் ஸ்பிரேயும் வாசனையால் மூடி மறைக்கிற வேலைதான் செய்யும்.

கரி வைத்தால் நெடியை இழுக்குமாமே?

இழுப்பது அடுப்புக்கரி அல்ல, ஆக்டிவேட்டட் கார்பன். நம் ஊர்க் கொட்டாங்குச்சிக் கரியை மிக அதிகச் சூட்டில் நீராவி கொடுத்துப் பதப்படுத்தினால், உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகும். ஆவி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு கிண்ணத்தில் போட்டு மூலையில் வைத்தால் பயனில்லை. காற்றை அதன் வழியாக இழுக்கிற ஃபேன் வேண்டும். கார்பனும் கனமான அடுக்காக இருக்க வேண்டும். துளைகள் நிரம்பிவிட்டால் வேலை செய்யாது, மாற்றியாக வேண்டும். பனிமூட்டமான ஊரில் ஈரத்தையும் குடித்துக்கொண்டு சீக்கிரமே சோர்ந்துவிடும். அதனால் இது எக்ஸாஸ்டுக்குத் துணை, மாற்று அல்ல.

மாஸ்க் போட்டுக்கொண்டால் போதாதா?

சாதாரண சர்ஜிகல் மாஸ்க் ஆவியைத் தடுக்காது. என்-95 மாஸ்க் ஃபைல் பண்ணும் தூசுக்கு நல்லது. ஆவிக்கு அதுவும் உதவாது. அதற்கு ரசாயன ஆவிக்கென்றே கார்பன் குப்பி வைத்த முகமூடி வேண்டும். நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதைவிட அறையைச் சரி செய்வது சுலபம்.

'நெடியே இல்லாத' அக்ரிலிக்கும் ஜெல்லும் வந்திருக்கிறதே?

வந்திருக்கிறது. சீக்கிரம் ஆவியாகாத ரசாயனத்தைச் சேர்ப்பதால் நெடி குறையும். பக்கத்து மூலையில் இருப்பவர்களுக்கு நிம்மதிதான். ஆனால் நெடி இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இவற்றில் அதிகம் சேரும் 'ஹேமா' போன்ற மெத்தாக்ரிலேட்கள் தோலில் பட்டால் அலர்ஜி உண்டாக்குவதில் பேர் போனவை. விரல் நுனி வெடிக்கும், அரிக்கும். தொட்ட கை முகத்தில் பட்டு, கண் இமைகூட வீங்கும். 2018-ல் பிரிட்டன் தோல் மருத்துவர்கள் சங்கம் இதைப் பற்றிப் பகிரங்கமாகவே எச்சரித்தது. ஐரோப்பிய யூனியன், ஹேமா கலந்த நகப் பொருள்களைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே உபயோகிக்கலாம் என்று 2020-ல் விதி செய்தது. சில ஜெல் பாலிஷ்களில் இருந்த டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்தும்விட்டது.

இந்த அலர்ஜி ஒருதடவை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பின்னாளில் பல் அடைக்கும்போதோ, பல்செட் வைக்கும்போதோ, மூட்டு மாற்று ஆபரேஷனில் எலும்பு சிமென்ட் வைக்கும்போதோ இதே குடும்பத்து ரசாயனம் தொல்லை தரலாம். ஒரு கல்யாணத்து நகத்துக்காக அத்தனை நீண்ட கடனா? திரவம் தோலில் படாமல் வேலை செய்யப் பழகுவதும், நைட்ரைல் கையுறை போட்டு, பட்டவுடன் மாற்றுவதும்தான் வழி. ரப்பர் கையுறைக்குள் இது சீக்கிரமே ஊடுருவிவிடும்.

கர்ப்பிணிகள்?

நல்ல எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் அக்ரிலிக் வேலையைத் தவிர்ப்பதே நல்லது. கடைக்காரம்மா அவர்களை வேறு வேலைக்கு மாற்றிவிடலாம். கைக்குழந்தையை அந்த மேஜைக்குப் பக்கத்தில் தூளி கட்டித் தூங்க வைக்காதீர்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

லேபிள் இல்லாத பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். நம் நாட்டில் அழகு சாதனங்களுக்கு 2020-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் பெயர், விலாசம், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். நம்ப முடியாத மலிவு விலை, மற்றதைவிடத் தூக்கலான நெடி, ஃபைலுக்கே மசியாத கடினம், அசிட்டோனில் ஊற வைத்தாலும் கரையாத பிடிவாதம்... இவை இருந்தால் எம்.எம்.ஏ. என்று சந்தேகப்படுங்கள்.

ஒரே அறை, நாலு பேர்: ஒரு ஒப்பந்தம்

அறையைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. வாடகையைப் பங்கு போடுகிற மாதிரி காற்றையும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். நகம் செய்ய நாளில் குறிப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அயர்ன், ஹேர் டிரையர் மாதிரி சூடான சமாச்சாரங்கள் வேண்டாம். ஆஸ்துமா உள்ள கஸ்டமருக்கு வேறு நேரம் கொடுங்கள். வேலை முடிந்த பிறகும் அரைமணி நேரம் எக்ஸாஸ்ட் ஓடட்டும். பாட்டிலைத் திறக்கிறவரே மூடியைப் போடுவதும் தொட்டியைக் காலி செய்வதும். எக்ஸாஸ்ட் செலவில் எல்லோரும் பங்கு கொடுங்கள். ஏனென்றால் மூச்சு விடுவது எல்லோரும்தான்.

கஸ்டமராகப் போகிறவர்களே, உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 'ரேட் என்ன?' என்று கேட்கிற வாயால் 'எக்ஸாஸ்ட் எங்கே?' என்றும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் நாலாவது மாதம் வந்துவிடும். அந்த மேஜைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதும் நம் வீட்டுப் பெண்தானே?

கொல்லிமலைக்கு ஒரு பழைய கதை உண்டு. கொல்லிப்பாவை என்று ஒரு அழகான பதுமை. அவள் அழகில் மயங்கிக் கிட்டே போனவர்களைச் சிரித்தே கொன்றுவிடுவாளாம். அது கதை. நக அழகுக்கு அந்தக் குணம் வேண்டாம். இத்தனையும் பார்த்து, 'எதுக்குங்க வம்பு?' என்று தோன்றினால், கொல்லைப்புற மருதாணி இருக்கவே இருக்கிறது. அரைத்து வைத்தால் நகமும் சிவக்கும், அறையும் மணக்கும். எக்ஸாஸ்ட் தேவையில்லை!

மனதில் வைக்க:

* நெடி கிளம்பும் இடத்திலேயே பிடித்து வெளியே அனுப்புங்கள்.
* காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி.
* சின்னக் கிண்ணம், மூடிய பாட்டில், மூடிய குப்பைத்தொட்டி.
* நெருப்பு, கரி அடுப்பு, ஊதுபத்தி பக்கத்தில் வேண்டாம்.
* நெடி குறைந்தது என்றால் ஆபத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. தோலில் படக்கூடாது.
* லீவில் குறையும் இருமலை அலட்சியம் செய்யாமல் டாக்டரைப் பாருங்கள்.